தொண்டையில் ஓர் ஆல்பேட்டை

கார்த்திகை அடைமழைக்குக் கடலூரில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாள், அக்காள் மகளின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் வகுப்பு படிக்கிறாள். ஸ்பூனால் நாக்கை அழுத்தியதும் குமட்டினாள். அந்த ஒரு நொடியில் தொண்டையின் இரு பக்கமும் சிவந்து பருத்த உருண்டைகள் தெரிந்தன. தாடைக்குக் கீழே தொட்டால் நெறி கட்டியிருந்தது. "உள்நாக்கு வளர்ந்துவிட்டது" என்றார் அம்மா. எங்கள் பக்கம் பலரும் அப்படித்தான் சொல்கிறோம். உள்நாக்கு என்பது நடுவில் தொங்கும் சிறு சதை; அது பாவம், எந்த வம்புக்கும் போகாதது. வீங்கியிருந்தவை டான்சில்கள்.

அவற்றுக்கு ஒரு கூட்டாளி உண்டு. மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே ஒளிந்திருக்கும் அடினாய்டு. டார்ச் அடித்தாலும் தெரியாது. "மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்று குழந்தைகளைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நாக்கின் அடிப்பகுதியிலும் இதே வகைத் திசு இருக்கிறது. எல்லாம் சேர்ந்து மூச்சும் சோறும் போகும் வழியைச் சுற்றி ஒரு வளையம் போல அமைந்திருப்பதை 1884-இல் விவரித்தவர் ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் வால்டயர்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வருபவர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தெரியும். காவலர்கள் ஏறிப் பைகளைத் தடவிப் பார்ப்பார்கள். பிடிபடும் பாட்டில்களும் உண்டு, தப்பும் பாட்டில்களும் உண்டு. டான்சிலும் வரும் கிருமிகளையெல்லாம் மறிப்பதில்லை. சிலவற்றைப் பிடித்து உள்ளே இழுத்து, அங்க அடையாளம் குறித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

அதற்கேற்ற உடம்பு அதற்கு. மேற்பரப்பில் 10 முதல் 30 வரை குழிகள் உள்ளே இறங்கிக் கிளை பிரிந்து போகின்றன. பெரியவர் ஒருவரின் ஒரு டான்சிலை மடிப்பெல்லாம் நீக்கி விரித்தால் சுமார் 300 சதுர செ.மீ. வரும் என்கிறார்கள், கிட்டத்தட்ட ஒரு நோட்டுப் பக்கம். குழிகளின் சுவர் வேண்டுமென்றே மெல்லியதாக, சல்லடை போல இருக்கிறது. அதில் நுழையும் வைரஸின் துணுக்குகளைச் சில செல்கள் கவ்விச் சென்று, டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களிடம் காட்டுகின்றன. கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தைத் தயாரிக்கும் பி செல்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகுகின்றன. ஒவ்வொன்றும் தன் எதிர்ப்பொருளைச் சற்றே மாற்றி மாற்றிப் பார்க்கும். வைரஸை இறுகப் பற்றுவது பிழைக்கும், பற்றாதது மடியும். ஒன்றிரண்டு வாரங்களில் தேறி வருபவற்றில் ஒரு பகுதி மூக்கு, தொண்டைச் சளிப்படலத்துக்கான ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. இன்னொரு பகுதி, அதே கிருமி மறுபடி வந்தால் அடையாளம் காணும் நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகிறது. இத்தனை செல்கள் ஓரிடத்தில் பெருகினால் வீங்காமல் என்ன செய்யும்?

தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் முதல் வருடத்திலேயே கரைந்துவிடும். பிறகு பால்வாடி, பள்ளி, பக்கத்து இருக்கைத் தும்மல். வருடத்துக்கு ஆறேழு சளி என்பது இந்த வயதில் சாதாரணம். அடினாய்டு மூன்று முதல் ஏழு வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, பதின்பருவத்தில் சுருங்கிவிடும்.

சாவடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் கள்ளர்களும் உண்டு. 1953-இல் அமெரிக்காவில் வாலஸ் ரோவும் சகாக்களும், அறுவைசிகிச்சையில் எடுத்த குழந்தைகளின் அடினாய்டுகளைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தபோது, அவற்றுக்குள் பதுங்கியிருந்த ஒரு வைரஸ் வெளிப்பட்டது. அதுதான் அடினோவைரஸ், பெயரே அங்கிருந்து வந்ததுதான். அதன் சிம்பன்சி உறவினர் ஒருவரைத்தான் கோவிஷீல்டு என்ற பெயரில் நம்மில் பலர் கையில் போட்டுக்கொண்டோம். 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கோவிட் வந்ததே தெரியாத குழந்தைகளின் டான்சில், அடினாய்டிலும் கோவிட் வைரஸை அடையாளம் காணும் நினைவுச் செல்கள் கிடைத்தன.

அப்படியானால் வெட்டி எடுப்பது தவறா? இங்கேதான் வரலாறு கொஞ்சம் சிரிக்க வைக்கிறது. 1934-இல் வெளியான ஒரு கணக்கு: நியூயார்க்கில் 11 வயதுப் பிள்ளைகள் 1000 பேரில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாயிற்று. மீதி 389 பேரைப் பார்த்த மருத்துவர்கள் 174 பேருக்கு எடுக்கவேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினால் 99 பேருக்கு எடுக்கவேண்டும்! மிச்சத்தை மறுபடி காட்டினால் 51. கடைசியில் 65 பிள்ளைகள் தப்பியதற்குக் காரணம், பார்க்க மருத்துவர்கள் தீர்ந்துபோனதுதான்.

இன்று அளவுகோல் உண்டு. ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஐந்தைந்து முறை, அல்லது மூன்று வருடம் மும்மூன்று முறை கடுமையான தொண்டை அழற்சி வந்தால் யோசிப்பார்கள். இதைவிட முக்கியமானது தூக்கம். வாயைத் திறந்து குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழும் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். அடினாய்டு காதுக்குப் போகும் குழாயை அடைத்தால் காதில் நீர் கோக்கும். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் காதைப் பாருங்கள். எடுத்துவிட்டாலும் மற்ற நிணநீர்த் திசுக்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்.

எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு இது இவ்வருடத்தில் மூன்றாவது முறை. வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொன்ன மருத்துவர், இரவில் அவள் தூங்குவதை ஒரு நிமிடம் செல்போனில் படம்பிடித்து வரச் சொன்னார். பிடித்தோம். குறட்டை இருக்கிறது, மூச்சு நிற்கவில்லை. பொங்கல் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.