ஈரியல்பு ஆக்சைடு: ஆம்போடெரிக்குக்கு நம்ம சொல்

அலுமினியம் ஆக்சைடு அமிலமா காரமான்னு கேட்டா நிறைய பசங்க "நடுநிலை"ன்னு சொல்லிடுறாங்க. அது தப்பு, அது ஈரியல்பு ஆக்சைடு, அதாவது அமிலத்தோடயும் சேரும் காரத்தோடயும் சேரும். ஈரியல்புங்கிற சொல்லை ஒழுங்கா பிரிச்சுப் பாத்தாலே இந்த குழப்பம் போயிடும்.

இரண்டுங்கிற சொல் உயிரெழுத்துக்கு முன்னாடி வந்தா ஈர்னு ஆகும், ஈராண்டு, ஈருயிர் மாதிரி. ஈர் + இயல்பு = ஈரியல்பு, ரெண்டு குணமும் உள்ளது. ஈரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அப்படி படிச்சிட்டு வர்ற பிள்ளைங்களும் உண்டு. இதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற ஆம்போடெரிக் கிரேக்கத்துல இருந்து வந்தது, ஆம்போதெரோஸ்னா "ரெண்டுமே". தண்ணிலயும் தரையிலயும் வாழற தவளையை ஆம்பிபியன்னு சொல்றோமே, அதுல இருக்கிற ஆம்பியும் இதுக்கு உறவுதான்.

பொதுவா அலோக ஆக்சைடு அமிலத்தன்மை, உலோக ஆக்சைடு காரத்தன்மை. சுட்ட சுண்ணாம்பு கால்சியம் ஆக்சைடுதான், அதுல தண்ணி ஊத்தினா கொதிச்சு நீத்த சுண்ணாம்பாகும், அதை மஞ்சள்ல கலந்தா ஆரத்தித் தட்டுல செவப்பா வருதே, அந்த செவப்புதான் காரத்துக்கு சாட்சி. சுவத்துல அடிச்ச சுண்ணாம்பு நாளாக நாளாக இறுகுறதும் காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு, அதாவது ஒரு அமில ஆக்சைடு, அதோட போய் சேர்றதாலதான். இதுல ஒரு விஷயம், பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1777ல ஆக்சிஜன்னு பேர் வச்சது "புளிப்பை உண்டாக்குறது"ங்கிற அர்த்தத்துல, எல்லா அமிலத்துலயும் அது இருக்குன்னு நம்பினாரு, ஆனா சுண்ணாம்புலயும் அதே ஆக்சிஜன் இருக்கு, அது காரம்.

நடுநிலைன்னா கார்பன் மோனாக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு மாதிரி, சாதாரணமா அமிலத்தோடயும் சேராது காரத்தோடயும் சேராது. ஈரியல்பு அதுக்கு நேர் எதிர். அலுமினியம் ஆக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டா காரம் மாதிரி நடந்து அலுமினியம் குளோரைடு தரும், காஸ்டிக் சோடாங்கிற காரத்துல போட்டா அமிலம் மாதிரி நடந்து சோடியம் அலுமினேட் தரும். துத்தநாக ஆக்சைடும் இப்படித்தான்.

இது பரிட்சைக்கு மட்டும் இல்ல, அலுமினியத் தொழிலே இந்த குணத்தை நம்பித்தான் நடக்குது. 1888ல பேயர்ங்கிற வேதியியலாளர் கண்டுபிடிச்ச முறையில, அலுமினியம் கிடைக்கிற பாக்சைட் தாதுவை சூடான காஸ்டிக் சோடாவுல, அழுத்தத்துல கரைப்பாங்க, அலுமினியம் ஆக்சைடு கரைஞ்சிடும், கூட இருக்கிற இரும்பு ஆக்சைடு காரத்தன்மை உள்ளது, அதனால கரையாம செஞ்சேறா அடியில தங்கிடும்.

ஆம்போடெரிக்குக்கு இருதன்மைன்னும் சொல்லலாம், ஆனா எனக்கு அதை விட ஈரியல்புதான் பிடிக்கும், சின்னதா நிக்குது, பாடப்புத்தகத்துலயும் அதான் இருக்கு. இலங்கையில ஆக்சைடை ஒட்சைட்டுன்னு எழுதுவாங்க.

கடைசியா குரோமியம். குறைஞ்ச ஆக்சிஜன் உள்ள குரோமியம் மோனாக்சைடு காரத்தன்மை, பச்சைக் கலர் குரோமிக் ஆக்சைடு ஈரியல்பு, ஆக்சிஜன் இன்னும் கூடின குரோமியம் டிரை ஆக்சைடு அமிலத்தன்மை. ஒரே உலோகம்தான்.