லேத், ரிவால்வ்: தமிழில் கடைசல்

முப்பரிமாண மென்பொருளில் ஒரு பூச்சாடி செய்ய முழு வடிவத்தையும் இழைக்க வேண்டியதில்லை. அதன் பக்கவாட்டு விளிம்பில் பாதியை மட்டும் ஒரு கோடாக வரைந்து, அந்தக் கோட்டை ஓர் அச்சைச் சுற்றி 360 பாகை சுழற்றினால் போதும். கோடு போன வழியெல்லாம் பரப்பாகிவிடும். இந்த வசதிக்கு 3டிஎஸ் மேக்ஸிலும் சினிமா 4டியிலும் 'லேத்' என்று பெயர். மாயாவிலும் ஆட்டோகேடிலும் 'ரிவால்வ்'. பிளெண்டரில் 'ஸ்பின்' கருவி இருக்கிறது, 'ஸ்குரூ' மாடிஃபயரும் (வடிவத்தின் மேல் ஏற்றும் மாற்றி) இதைச் செய்யும்.

ரிவால்வ், இலத்தீன் 'ரெவொல்வெரே'யிலிருந்து வந்தது. திரும்ப உருட்டுதல் என்று பொருள். லேத், பட்டறையிலிருந்து வந்த பெயர்: கட்டையையோ உலோகத்தையோ சுழலவிட்டுச் செதுக்கும் இயந்திரம்.

அந்தப் பட்டறைச் சொல் தமிழில் நன்றாகவே இருக்கிறது: கடைதல். தயிர் கடைவதும், கட்டையைச் சுழலவிட்டு உளி கொடுத்து உருட்டி எடுப்பதும் நமக்கு ஒரே வினை. இரண்டுக்கும் பொது, சுழற்சி. கட்டில் காலுக்குக் 'கடைசல் பிடிப்பது' இன்றும் தச்சர் பேச்சு. லேத்தைக் கடைசல் பொறி, கடைசல் இயந்திரம் என்று எழுதுகிறோம். ஆகவே மென்பொருள் கட்டளைக்கும் 'கடைசல்' என்றே வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. கணினியில் எதையும் செதுக்கிக் கழிப்பதில்லையே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் கிடைக்கும் வடிவம் கடைந்தெடுத்த வடிவம். 'வனைதல்' என்பதும் அழகான சொல்தான்; அதை வடிவமைப்பு முழுவதற்கும் பொதுவாகப் புழங்கத் தொடங்கிவிட்டதால் இங்கே குழப்பும். கணிதத்தில் பேசும்போது மட்டும் 'சுழற்சிப் பரப்பு', 'சுழற்சித் திண்மம்' என்பவை துல்லியமானவை.

செய்யும்போது கவனிக்க வேண்டியது அச்சு. சாடியின் அடிப்பகுதி மூட வேண்டுமென்றால் கோட்டின் கீழ்முனை அச்சின் மேல் சரியாக உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினால் நடுவில் ஓட்டை. தாண்டினால் பரப்பு தன்னையே ஊடுருவிக் குழம்பும். அப்புறம் படிகளின் எண்ணிக்கை, அதாவது ஒரு சுற்றை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பது: 8 வைத்தால் எண்கோணச் சாடிதான் வரும், 64 வைத்தால் கண்ணுக்கு வட்டம். ஒரு வட்டத்தையே அச்சிலிருந்து தள்ளிவைத்துக் கடைந்தால் வளையம் கிடைக்கும். அதன் கன அளவு, வட்டத்தின் பரப்பை அதன் மையம் சுற்றிவந்த தூரத்தால் பெருக்கினால் வரும். பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் பெயரில் வழங்கும் தேற்றம் இது.

எல்லாம் இதில் அடங்காது. 1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் கணினியில் உருவாக்கிய புகழ்பெற்ற தேநீர்க் கெண்டியைப் பாருங்கள். உடலும் மூடியும் கடைசல் வடிவம். மூக்கும் கைப்பிடியும் தனி வேலை.

சுழலும்போதே கோட்டை அச்சின் வழியே உயர்த்தினால் சுருள்வில்லும் திருகு மரையும் வரும். பிளெண்டரின் 'ஸ்குரூ' பெயர்க் காரணம் அதுதான். கடைசல் பட்டறையிலும் மரை வெட்டுவது இப்படித்தான்: வேலைப்பொருள் சுழல, வெட்டுளி அதன் நீளவாக்கில் சீராக நகரும்.