மண்டியிட்ட விமானம்

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீளமாகக் கடிதம் எழுதி, கூடவே எட்டுப் புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் அவருடைய மகன் பள்ளிக் கண்காட்சிக்காக லெகோ கட்டைகளால் ஒரு பயணிகள் விமானம் செய்திருக்கிறான். ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 1 மீட்டருக்கு மேல், எடை ஏறக்குறைய 3 கிலோ. ஒரு மோட்டார் என்ஜின் விசிறிகளைச் சுற்றும், இன்னொரு மோட்டார் சக்கரம் வைத்த கால்களை மடக்கி நீட்டும். வீட்டில் இரண்டு நாள் ஜம்மென்று நின்றதாம். கண்காட்சியில் தலைமை விருந்தினர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால் இரண்டும் மெல்ல மெல்ல மடிந்து, விமானம் வயிற்றை மேசைமேல் வைத்துப் படுத்துவிட்டது.

‘ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கு’ என்றாராம் பாட்டி. இத்தனைக்கும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் கிளப்பியிருக்கிறார்கள். கடிதத்தின் முடிவில் இப்படி இருந்தது: ‘திருஷ்டியா, கியரா? நீங்களே சொல்லுங்கள். பி.கு.: நன்றாக ஓடட்டுமே என்று முந்தின நாள் இரவு எல்லாப் பல்சக்கரங்களுக்கும் தையல் மெஷின் எண்ணெய் விட்டது நான்தான்.’

பாதி விடை அந்தப் பின்குறிப்பிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில், இந்தக் கட்டைகள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன? பசை இல்லை, காந்தம் இல்லை, கொக்கி இல்லை. மேலே இருக்கும் குமிழ், மற்றொரு கட்டையின் அடியில் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே நுழைகிறது. இடம் துளி குறைவாக இருப்பதால் பிளாஸ்டிக் மயிரிழை அளவு விரிந்து கொடுத்து, பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்தப் பிடிதான் உராய்வாகி இரண்டையும் சேர்த்து வைக்கிறது. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் இருந்த லெகோ நிறுவனம், உள்ளே குழாய் வைத்த இந்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும்.

இந்தப் பிடிக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. 2012இல் பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் சின்ன 2×2 கட்டை ஒன்றை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். சராசரியாக 4,240 நியூட்டன் வரை தாங்கியது, அதாவது 430 கிலோவுக்கு மேல். ஒன்றன்மேல் ஒன்றாக 3,75,000 கட்டைகளை, ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கினால்தான் அடிக்கட்டை நசுங்கும். அதே கட்டையை மேல்நோக்கி இழுத்தால் நாலு வயதுக் குழந்தையின் விரலுக்கே கழன்று வந்துவிடும். அழுத்தினால் மலை, இழுத்தால் மணல். பெரிய விமானம் கட்டுகிறவர்களின் தலைவலி எல்லாம் இங்கே ஆரம்பிக்கிறது.

கையளவு விமானத்தில் இது தெரியாது. ஒரு மாதிரியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்கு ஆகும், ஆனால் சுமையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு நாலு மடங்கே ஆகும். கலிலியோ 1638லேயே எழுதிவைத்த சங்கதி, பள்ளியில் படித்திருப்பீர்கள். இறக்கை ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பலகை என்பதால் எடை கூடுவதோடு நெம்பும் தூரமும் கூடுகிறது. அடியில் இருக்கும் கட்டைகள் நெருக்கப்படுகின்றன, அதைப் பற்றிக் கவலை இல்லை. மேலே இருப்பவை இழுபடுகின்றன. இறக்கை தொங்க ஆரம்பிப்பது அங்கேதான்.

இதற்கு லெகோவுக்குள்ளேயே ஓர் அழகான மருந்து இருக்கிறது. ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தட்டையான பிளேட் ஒன்றின் உயரம் 3.2. பக்கவாட்டில் குமிழுக்குக் குமிழ் தூரம் 8. 9.6ஐயும் 8ஐயும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒரு கட்டைமேல் இரண்டு பிளேட்டை வைத்துப் பாருங்கள்: 9.6 + 3.2 + 3.2 = 16. சரியாக இரண்டு குமிழ் தூரம்! அதனால் பக்கத்தில் துளை உள்ள கட்டை, நடுவில் இரண்டு பிளேட், மறுபடி துளைக்கட்டை என்று அடுக்கினால், செங்குத்தாக ஒரு துளைச்சட்டத்தை வைத்து மேலும் கீழும் ஊசி குத்திப் பூட்டிவிடலாம். இனி மேல்நோக்கி இழுத்தால் குமிழின் பிடியை மட்டும் நம்ப வேண்டியதில்லை, சட்டமே தாங்கும். பையன் இதைச் செய்திருக்கிறான். மூன்றாவது புகைப்படத்தில் இறக்கையின் அடிப்பகுதியில் நாலு இடத்தில் இந்தப் பூட்டு தெரிகிறது. அவனுக்கு என் சலாம். இறக்கையில் குற்றம் இல்லை. விசிறிகளும் சுற்றியிருக்கின்றன. (அந்த விசிறிகளால் விமானம் பறக்குமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். லெகோ கட்டைகளைச் செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தியானது, மாதிரி விமானம் செய்யும் பால்சா மரத்தைப்போல ஆறேழு மடங்கு. விசிறி சுற்றுவது அழகுக்குத்தான்.)

இனி கால்.

லெகோவின் நடுத்தர மோட்டார் 9 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று சுற்றும். வேகம் உண்டு, வலு இல்லை. வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்க 8 பல் சக்கரத்தால் 24 பல் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்: மூன்றில் ஒரு பங்கு வேகம், மூன்று மடங்கு முறுக்குவிசை. பையன் இதை இரண்டு முறை செய்து ஒன்பது மடங்காக்கியிருக்கிறான். கணக்கு சரி. சைக்கிள் கியர் தெரிந்த எல்லோருக்கும் இது புரியும் என்பதால் நிற்காமல் போகிறேன்.

சிக்கல் என்னவென்றால், பல்சக்கரங்கள் இருவழிப்பாதை. மோட்டார் காலைச் சுற்றலாம் என்றால் காலும் மோட்டாரைச் சுற்றலாம். ஒரு காலின்மேல் 1.2 கிலோ, அதாவது 12 நியூட்டன் எடை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் நூல் பிடித்தாற்போல் செங்குத்தாக இருந்தால் பிரச்சினை இல்லை. சக்கரம் கீலுக்கு நேர் கீழே இல்லாமல் 2 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 24 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்கு. ஒன்பதால் வகுத்து மோட்டாரை அடையும்போது ஏறத்தாழ 2.7. மின்சாரம் இல்லாத மோட்டாரை இந்த முறுக்குக்கு எதிராகப் பிடித்துவைப்பது எது? அச்சுகளிலும் பற்களிலும் மோட்டாரின் வயிற்றுக்குள்ளும் இருக்கும் உராய்வு மட்டுமே. அந்த உராய்வுக்குத்தான் அப்பா எண்ணெய் வார்த்திருக்கிறார். போதாததற்குக் கண்காட்சி மேசையில் ஆயிரம் கை பட்ட அதிர்வு. விமானம் மண்டியிடாமல் என்ன செய்யும்?

சரி, எப்படி நிற்க வைப்பது? வார்ம் கியர் போட வேண்டும். எனக்கு இயந்திர உறுப்புகளிலேயே மிகப் பிடித்தது இதுதான். லெகோ டெக்னிக் பெட்டிகளில் விரல்நுனி அளவில் சாம்பல் நிறத்தில் இருக்கும். பார்ப்பதற்குப் பல்சக்கரம்போலவே இருக்காது, கொஞ்சம் தடித்த திருகாணி மாதிரி இருக்கும். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் எதிரே உள்ள சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். 24 பல் சக்கரம் என்றால் ஒரே அடியில் 24 மடங்கு. அதைவிட முக்கியம், இது ஒருவழிப்பாதை. வார்ம் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் வார்மைச் சுற்றாது. தலைகீழாக நின்றாலும் சுற்றாது.

ஏன் என்று பார்க்க ஒரு காகிதத்தை எடுங்கள். செங்கோண முக்கோணமாக வெட்டி, ஒரு பென்சிலைச் சுற்றி உருட்டுங்கள். சாய்ந்த ஓரம் பென்சில்மேல் திருகுமரையாகச் சுற்றிக்கொள்ளும். திருகு என்பது சுருட்டி வைத்த சாய்தளம், அவ்வளவுதான். அந்தச் சாய்வு எவ்வளவு என்பதில்தான் விஷயம். லெகோ பல்சக்கரங்களில் பல்லின் எண்ணிக்கைதான் மில்லிமீட்டரில் சக்கரத்தின் விட்டம் (பல்லின் நுனிவரை அல்ல, இரு சக்கரப் பற்களும் சந்திக்கும் இடம்வரை அளந்தால்): 8 பல்லுக்கு 8, 24 பல்லுக்கு 24. (இப்படி வடிவமைத்த மகராசன் யாரோ, வாழ்க.) வார்மின் விட்டமும் அதே கணக்கில் 8. ஒரு சுற்றில் அதன் மரை ஏறுவது ஒரு பல்லின் தூரம், அதாவது π மில்லிமீட்டர், 3.14. சுற்றளவோ 8π. சாய்வு எட்டுக்கு ஒன்று. வட்டத்தின் π அடிபட்டுப்போய் இவ்வளவு சுத்தமான விடை வருகிறதே, அதைப் பார்த்து நான் ஒரு சாயங்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

எட்டுக்கு ஒன்று என்றால் 7 பாகைதான். அவ்வளவு மெல்லிய சாய்வில் ஒரு பிளாஸ்டிக் துண்டின்மேல் இன்னொன்றை வைத்தால் வழுக்காது. வழுக்க வேண்டுமானால் உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் விசையில் எத்தனை பங்கு உராய்வாகத் தடுக்கிறது என்ற எண், 0.125க்குக் கீழே இருக்க வேண்டும். உலர்ந்த பிளாஸ்டிக்குகளுக்கு இடையே அது பொதுவாக 0.2 அல்லது அதற்கு மேல். ஆகவே விமானத்தின் எடை காலை அழுத்த, கால் சக்கரப்பல்லை அழுத்த, பல் மரையை அழுத்த, மரை அசையாது. இன்னும் அழுத்தினால் உராய்வும் கூடவே ஏறும், அப்போதும் அசையாது. எடை கூடினால் பிடி விட்டுப்போகும் என்று நினைப்போம், நடப்பது அதுவல்ல. இரண்டும் ஒரே விகிதத்தில் வளர்கின்றன. கடைசியில் பல் உடையலாமே தவிர வழுக்காது.

இதை நீங்கள் பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். கார் டயர் மாற்றும் திருகு ஜாக்கியிலிருந்து கையை எடுத்தால் வண்டி இறங்கிவிடுகிறதா? மாண்டலினிலும் கிட்டாரிலும் தந்தியை முறுக்கும் சாவிக்கு உள்ளே இருப்பதும் ஒரு குட்டி வார்ம்தான். நாம் சாவியைத் திருகினால் தந்தி இறுகும், தந்தி எவ்வளவு இழுத்தாலும் சாவி திரும்பாது. பழைய வீணைப் பிரடைகளில் வெறும் மரத்தோடு மரம் உராயும் பிடிதான், அதனால்தான் கச்சேரி நடுவே அவ்வப்போது சுருதி சேர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வசதிக்கு விலை உண்டு. தானாகப் பூட்டிக்கொள்ளும் திருகு எதுவும் கொடுத்த ஆற்றலில் பாதியைக்கூடத் திருப்பித் தராது. இது தயாரிப்பின் குறை அல்ல, கணிதம் போட்ட வேலி. எடையைத் தடுக்கும் அதே உராய்வு மோட்டாரையும் தடுக்கும் அல்லவா? நம் லெகோ வார்மில் உராய்வுக் கெழு 0.25 என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். விமானத்தின் காலை மடக்க இரண்டு நொடி ஆகும் இடத்தில் பேட்டரி கொஞ்சம் வீணானால் என்ன, போகட்டும்.

அப்புறம், வார்மை எங்கே வைப்பது? மோட்டார் பக்கத்தில் வைக்கத் தோன்றும், ஐந்தாவது புகைப்படத்தைப் பார்த்தால் அங்கேதான் இடமும் இருக்கிறது. வேண்டாம், காலை ஒட்டி வையுங்கள். நீண்ட பிளாஸ்டிக் அச்சு முறுக்குவிசை ஏறினால் துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொள்ளும். அதனால் அச்சு வேகமாக, லேசாகச் சுற்றட்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் வேகத்தை வலுவாக மாற்றிக்கொள்ளலாம். மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்பித் தெருமுனையில் குறைத்துக்கொள்கிறோமே, அதே தந்திரம். பயணிகள் விமானங்கள் பலவற்றின் இறக்கைக்குள்ளும் நடுவில் உள்ள ஒரு மோட்டாரிலிருந்து நீண்ட குழாய்கள் வேகமாகச் சுற்றிக்கொண்டு போகும். இறக்கையின் பின்விளிம்பு மடல் ஒவ்வொன்றின் அருகிலும் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரப் பெட்டி இருக்கும்.

இன்னொன்று, கால் முழுசாக நீண்ட பிறகும் பையன் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தால்? வார்ம் விட்டுக்கொடுக்காது, மோட்டாரும் விடாது, நடுவில் ஏதாவது உடையும். அதற்கு மோட்டாருக்கும் வார்முக்கும் இடையே 24 பல் கிளட்ச் கியர் ஒன்று போட வேண்டும். அதன் முகத்தில் 2.5, 5 என்று எண்கள் பொறித்திருக்கும். அத்தனை நியூட்டன்-சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்வட்டம் நழுவிச் சுற்றும், வெளிவட்டம் நிற்கும். டக் டக் என்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். ஆய்வகத்துக்கு என்று லட்சக்கணக்கில் வாங்கிய மோட்டார் பெட்டிகள், பல்சக்கரப் பெட்டிகள் எல்லாம் பீரோவில், உறை பிரிக்காமல் இருந்தன. ‘பசங்க தொலைச்சிடுவாங்க சார், தணிக்கைக்குக் கணக்குக் காட்டணும்’ என்றார் பொறுப்பாசிரியர். அவரைக் குற்றம் சொல்லவில்லை, தொலைந்த பல்சக்கரத்துக்கு அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றால் நானும் பூட்டித்தான் வைப்பேன். தொலைவதற்கும் உடைவதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காத ஆய்வகம் அருங்காட்சியகம்தான்.

பாட்டிக்கு: எலுமிச்சம்பழத்தை நான் கேலி செய்யவில்லை. 2019இல் பிரான்சில் ரஃபேல் போர்விமானத்தை வாங்கியபோதும் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். ஆனால் பழம் இருந்த இடம் சக்கரத்தின் கீழ், மடிந்தது கீல். சக்கரத்துக்குப் பதில் காலின் இடுக்கில் செருகியிருந்தால் முட்டுக்கட்டையாகவாவது உதவியிருக்கும்.

கடைசியாக எண்ணெய். உலோகத் திருகுக்கு அது உயிர். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி-83 விமானம் கலிபோர்னியாக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். வாலின் கிடைச்சிறகைச் சாய்க்கும் நீண்ட திருகுக்குப் போதிய மசகு போடாமல், அதன்மேல் ஓடும் நட்டின் மரை தேய்ந்து அறுந்துபோனதுதான் காரணம். உங்கள் வீட்டு விமானத்துக்கு நேர் எதிர் விதி. வார்மில் எண்ணெய் விட்டால் உராய்வு 0.125ஐ நெருங்கும், அதோடு மேசை அதிர்ந்தால் கால் மறுபடி நழுவ ஆரம்பிக்கும். தவிர, சில எண்ணெய்கள் இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் நாளடைவில் விரிசல் விழ வைக்கும். எல்லாவற்றையும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். மோட்டாரை மட்டும் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள்.