ஸ்பான்சர் பணம் முழுசாகக் குழந்தைக்குப் போக வேண்டுமா?

தொண்டு நிறுவனம் வழியாக மாதாமாதம் பணம் கொடுத்து ஒரு குழந்தைக்கு ஸ்பான்சர் ஆக முன்வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "நான் கொடுக்கிற பணம் முழுசா அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேருமா?"

நியாயமான கேள்வி. வட சென்னையில் குழந்தைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் பல ஆண்டுகளாக வேலை செய்கிற சமூகப் பணியாளர் நான். என் பதிலை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: முழுசாகப் போகாது, போகவும் வேண்டாம். மாதாமாதம் அம்மாவின் வங்கிக் கணக்கில் ஒரு தொகையைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிறுவனத்தால் அந்த வீட்டு நிலைமை பெரிதாக மாறுவதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் சம்பளமாகக் கொடுத்து, ஒரே பணியாளரை ஒரே தெருவுக்கு வருஷக்கணக்கில் அனுப்புகிற நிறுவனத்தால் மாறுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ ஒரு குடும்பம் வருஷம் முழுக்க ஒரே அளவுக்குக் கஷ்டப்படுவதில்லை. அப்பா பெயின்டிங் வேலைக்குப் போகிறார், அம்மா இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். ரேஷன் அரிசி உண்டு. அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், சீருடை, மதிய உணவு உண்டு. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் சின்னப் பிள்ளைகளின் காலை வயிற்றுப்பாடும் தீர்ந்தது. சாதாரண மாதங்களில் இந்தக் குடும்பம் தட்டுத்தடுமாறியாவது ஓடிவிடும். அப்பா சாரத்திலிருந்து விழுகிற மாதத்தில், டெங்கு வந்து பத்து நாள் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாதத்தில், வீட்டுக்காரர் அட்வான்ஸ் ஏற்றிக் கேட்கிற மாதத்தில்தான் எல்லாம் சரியத் தொடங்குகிறது.

அப்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது தண்டல். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 ரூபாய் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலம் பைக்கில் வந்து, சின்ன அட்டையில் தேதி போட்டு வாங்கிப் போவார்கள். பார்ப்பதற்கு 1,500 ரூபாய் வட்டி போலத் தெரியும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். அதீத வட்டியைத் தடை செய்ய 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டும் என்கிற அம்மாவுக்கு வேறு யாரும் கொடுப்பதில்லை. முதல் தண்டலை அடைக்க இரண்டாவது தண்டல், அதற்கு நடுவில் கம்மல் அடகுக்கடைக்குப் போகும். அதுவும் தீர்ந்த பிறகு, வீட்டில் சம்பாதிக்கக்கூடிய அடுத்த ஆள் யார் என்று பார்க்கும்போது கண்ணில் படுவது மூத்த பிள்ளை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா பிப்ரவரியில் இறந்துபோனார். மே மாதம் நான் போனபோது, எட்டாவது முடித்த மகளின் டிசி பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகப் பீரோ மேலே இருந்தது. அம்மா அழவில்லை, தெளிவாகவே பேசினார்: "எட்டாவது பாஸ் பண்ணிட்டா மிஸ், போதும். எதிர்வூட்டுப் பொண்ணு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவுது. இவளும் போனான்னா தீபாவளிக்குள்ள தண்டல அடைச்சிருவேன். சின்னவன படிக்க வெக்கறேன்."

அந்த டிசியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநிலைப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். பிள்ளை வேறு பள்ளிக்கு மாற வேண்டும். டிசி வாங்கியாயிற்று, ஆனால் இன்னும் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் பதிவேட்டில் பெயர் 'காமன் பூல்' என்ற பட்டியலில் நிற்கும். பழைய பள்ளிக்கு அவள் பாஸாகிப் போன மாணவி, புதிய பள்ளிக்கு அவள் இருப்பதே தெரியாது. ஐந்தாவது, எட்டாவது, பத்தாவது முடிகிற கோடை விடுமுறைகளில்தான் எங்கள் பகுதியில் பிள்ளைகள் அதிகமாக நழுவிப் போகிறார்கள். நடுக்கல்வியாண்டில் நின்றால் டீச்சர் தேடுவார், மே மாதத்தில் நின்றால் யார் தேடுவது?

அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கடன்களை வரிசையாக எழுதினோம். இரண்டு தண்டல், ஒரு குழு லோன், மளிகைக் கடை பாக்கி. ஸ்பான்சர் அனுப்பும் மாதத் தொகை அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தாரா என்று கேட்டேன். கார்டு இருந்தது, புதுப்பிக்காமல் விட்டிருந்தார். அந்த வழி அடைபட்டது. விதவை உதவித்தொகைக்கு மனு எழுதினோம். இறப்புச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழையாக இருந்ததால் அதைத் திருத்தவே சில வாரங்கள் அலைந்தோம். நிறுவனத்தின் அவசர நிதியிலிருந்து வீட்டு வாடகையைக் கொஞ்ச காலத்துக்கு ஏற்றுக்கொண்டோம். வாடகைச் சுமை நீங்கியதும் அம்மாவின் சம்பளத்திலேயே தண்டல் தீரத் தொடங்கியது. ஜூன் முதல் வாரம் அம்மாவும் பெண்ணும் நானும் மேல்நிலைப் பள்ளிக்குப் போய் டிசியைக் கொடுத்துச் சேர்த்துவிட்டு வந்தோம்.

ஸ்பான்சருக்கு அந்த வருஷம் போன கடிதத்தில் "நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறேன்" என்ற ஒரு வரிதான் இருந்தது. அந்த வரிக்குப் பின்னால் ஒருவருடைய மாதச் சம்பளமும் பஸ் செலவும் இருக்கின்றன. 'நிர்வாகச் செலவு' என்று நன்கொடையாளர்கள் முகம் சுளிப்பதில் ஒரு பகுதி இதுதான்.

ஆய்வும் இதற்கு அருகில்தான் வருகிறது. பொருளாதார அறிஞர்கள் புரூஸ் வைடிக், பால் கிளெவ், லேன் ரட்லெட்ஜ் மூவரும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில், சிறுவயதில் ஸ்பான்சர்ஷிப் பெற்று இப்போது பெரியவர்களாகிவிட்டவர்களை, பெறாத மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 10,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து எழுதிய அந்த ஆய்வு 2013-ல் ஒரு முன்னணிப் பொருளாதார இதழில் வெளியானது. ஸ்பான்சர் பெற்றவர்கள் சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டுகள் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களும், பெரியவர்களான பின் அலுவலக வேலைக்குப் போனவர்களும் அவர்களில் அதிகம். ஆராய்ந்தது கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற ஒரே நிறுவனத்தின் திட்டத்தை என்பதால், போஸ்டரில் குழந்தை படம் போட்டு வசூலிக்கிற எல்லோருக்கும் இதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் திட்டத்தில் பிள்ளைகள் வாராவாரம் மையத்துக்கு வந்து தங்களைத் தெரிந்த பெரியவர்களோடு நேரம் செலவிட்டார்கள், அது முக்கியம். இதே ஆய்வாளர்களில் சிலர் பின்னர் ஜகார்த்தாவில் 540 பிள்ளைகளைத் தங்களையே படமாக வரையச் சொன்னார்கள். ஸ்பான்சர் பெற்ற பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. 'நானும் காலேஜ் போவேன்' என்று ஒரு பிள்ளை நினைக்கத் தொடங்குவதை ரூபாயில் அனுப்ப முடியாது.

இந்தத் துறையின் மேல் வைக்கப்படும் குறைகளும் உண்மையானவை. 1998-ல் ஷிகாகோ டிரிப்யூன் நாளிதழின் செய்தியாளர்கள் தாங்களே ஸ்பான்சர்களாகச் சேர்ந்து பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்த பிறகும் அவள் பேரில் பணம் வாங்கப்பட்டிருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பல, கண்காணிப்பை இறுக்க வேண்டிவந்தது. ஸ்பான்சர் பணத்தைப் பொதுவில் சேர்த்து அந்தப் பகுதிக்கே தண்ணீர், கழிப்பறை, படிப்பகம் என்று செலவிடும் முறையும் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு உண்டு. ஒரே வீட்டில் அக்காவுக்குப் புதுப் பையும் ஷூவும் வந்து, தம்பி கதவோரம் நின்று பார்க்கிற காட்சியை நிறையப் பார்த்திருக்கிறேன். 'ஸ்பான்சர் பிள்ளை' என்று ஒருவரை மட்டும் பிரித்து வைப்பது அந்த வீட்டுக்குள் தேவையில்லாத கசப்பை வளர்க்கும். ஆனால் பணம் பொதுவில் சேர்கிறது என்றால் அதை ஸ்பான்சரிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

சென்னைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, இதை வெளியூர் நன்கொடையாளர்கள் அறிய மாட்டார்கள். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்கள், குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அதற்கு முன்பே இப்படி உருவானவை. இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போன பிறகு, அம்மா வேலை செய்த வீடுகள் பழைய ஏரியாவிலேயே நின்றுவிட்டன, பள்ளியும் அங்கேயே. பகுதியை அடிப்படையாக வைத்து வேலை செய்கிற நிறுவனத்தின் ஃபைலில் அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே 'இடம் பெயர்ந்தார்' என்று எழுதி மூடிவிடுவார்கள். துணை அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் துணை அறுந்துபோகிறது. நீங்கள் பணம் கொடுக்கப் போகும் நிறுவனத்திடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்: குடும்பம் வீடு மாறினால் பின்தொடர்வீர்களா? உங்கள் பக்கம் ஒரு பணியாளருக்கு எத்தனை குடும்பங்கள்? அவர் எத்தனை வருஷமாக அதே வேலையில் இருக்கிறார்? பன்னிரண்டாவது முடித்ததும் பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவீர்களா, கல்லூரியில் சேரும் வரை கூட இருப்பீர்களா? அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. அந்த மனுவைப் போடக் கூட வருவீர்களா?

ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் கேட்டால் தயங்காமல் கொடுக்கும் நிறுவனமா என்று பாருங்கள். வருமான வரிச் சலுகைக்கான பதிவு இருந்தால் நன்கொடைச் சான்று தருவார்கள், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அது உதவும். பிள்ளையின் வீட்டு முகவரியையோ அம்மாவின் போன் நம்பரையோ கேட்டதும் கொடுத்துவிடும் நிறுவனத்திடம் பணம் கொடுக்காதீர்கள். ஸ்பான்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடிதமும் பரிசும் அலுவலகம் வழியாகத்தான் போய் வர வேண்டும். பிள்ளையின் பாதுகாப்பில் சலுகை கிடையாது.

உள்ளூர்க்காரர்கள் முன்வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் அரசு தரும் அனுமதியைப் பொறுத்தது. அது மறுக்கப்பட்டதால் கம்பேஷன் 2017 மார்ச்சில் இந்தியாவில் தன் பணியை மூடியது, சுமார் 1.45 லட்சம் குழந்தைகள் அதில் இருந்தார்கள். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. விதிகளின் நன்மை தீமையை விவாதிக்க இது இடமில்லை. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு அந்த விவாதம் முடியும் வரை காத்திருக்க நேரமில்லை என்பதே என் கவலை. அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் இருக்கிற நாம் கொடுப்பது அப்படி ஒரே நாளில் நின்றுவிடாது.

அரசே ஸ்பான்சர் ஆகிறது என்பது பல அம்மாக்களுக்குத் தெரியாது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டத்திலேயே இதற்குப் பிரிவு உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவரை இழந்த, பிரிந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் வளரும் அநாதைக் குழந்தைகள், பெற்றோர் தீராத நோயில் படுத்துவிட்ட வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத குழந்தைகளுக்கு 2025 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை.

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவோ, அபார்ட்மென்ட் ஹவுஸ் கீப்பிங்கில் இருப்பவரோ இந்த நிலையில் இருந்தால், தகவலைச் சொல்வதோடு நிறுத்தாமல் அரைநாள் லீவு கொடுத்து அவரோடு கூடப் போங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும், எங்கே என்று தெரியாவிட்டால் 1098-க்குப் போன் செய்து கேட்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்றிதழ், வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இவை தேவைப்படும். கிளம்புவதற்கு முன் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மனு பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது.