எக்ஸ்ரேயில் தெரியாத முழங்கால்

முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்றதும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரங்களில் எலும்பு முளைத்திருக்கிறதா என்று பார்த்து 0 முதல் 4 வரை நிலை குறிப்பார்கள்; 4 என்றால் தேய்மானம் மிகக் கடுமை. கெல்கிரென், லாரன்ஸ் இருவரும் 1957இல் வகுத்த முறை இது. ஆனால் நான்காம் நிலையில் இருப்பவர் நடமாடிக்கொண்டிருப்பார். இரண்டாம் நிலைக்காரர் இரவெல்லாம் தூங்காமல் புரண்டுகொண்டிருப்பார். இந்த மூட்டை வைத்துக்கொண்டு அன்றாட வாழ்க்கையை எப்படி ஓட்டுகிறார் என்பதை அவரிடமேதான் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கென்றே வினாத்தாள்கள் உண்டு. கனடாவில் உருவான 'வோமாக்', வலி, விறைப்பு, அன்றாட இயக்கம் ஆகியவற்றை 24 கேள்விகளில் விசாரிக்கிறது: மாடிப்படி இறங்குவது, காலுறை மாட்டுவது, படுக்கையிலிருந்து எழுவது. 1998இல் வெளிவந்த 'கூஸ்' இவற்றையும் சேர்த்துக்கொண்டு 42 கேள்விகளாக விரிந்தது. அதன் கடைசி நான்கு கேள்விகள் வாழ்க்கைத் தரத்துக்கானவை. முழங்கால் தொல்லை எவ்வளவு அடிக்கடி நினைவுக்கு வருகிறது? முழங்காலுக்குக் கேடு வருமென்று பழக்கவழக்கங்களை மாற்றிக்கொண்டீர்களா? முழங்காலை நம்ப முடியவில்லையே என்பது எவ்வளவு உறுத்துகிறது? மொத்தத்தில் எவ்வளவு சிரமம்?

இரண்டாவது கேள்வியை யோசித்தவரை நான் மனதாரப் பாராட்டுவேன். மாடி ஏறுவதையே விட்டுவிட்டவருக்கு மாடிப்படியில் வலிக்காது. வலியை மட்டும் கேட்டால் அவர் தேறிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அவர் நடமாடும் இடம் சுருங்கியிருக்கிறது.

இந்த நான்கு கேள்விகளுக்கான கணக்கு எளிது. ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை; தொல்லை கூடக்கூட எண்ணும் கூடும். ஒருவர் 4, 3, 2, 3 என்று குறித்தால் சராசரி 3. அதை 25ஆல் பெருக்கி 100இலிருந்து கழித்தால் 25. தொல்லையே இல்லாதவருக்கு 100.

இந்த எண்ணை நம்பலாமா? உடல்நிலை மாறாதவரிடம் சில நாள் கழித்து மறுபடி கேட்டால் ஏறத்தாழ அதே எண் வர வேண்டும். சிகிச்சை பலித்தால் உயர வேண்டும். நோயாளியே உணரும் அளவுக்கு உயர்ந்ததா என்பதையும் பார்ப்பார்கள். வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது மொழிபெயர்த்ததைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றிப் பொருள் சிதையவில்லை என்று உறுதிசெய்வார்கள்.

ஆனாலும் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. ஒரே 25 வாங்கிய இருவரில் ஒருவருக்கு முழங்கால் நொடிக்கு நொடி நினைவில் நிற்கலாம். மற்றவருக்குக் கால் எப்போது மடங்கிவிடுமோ என்ற பயம் மேலோங்கியிருக்கலாம். அந்தப் பயத்தைக் குறித்தவரிடம் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.