வசனத்துக்கு 38, சண்டைக்கு 14

போன ஐப்பசி மழையில் குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹோம் தியேட்டர் கோளாறு என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்த அம்மா சோபா விளிம்பில் உட்கார்ந்து ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வால்யூம் பட்டனில் இருந்த கூட்டல் குறி தேய்ந்து அழிந்தே போயிருந்தது. “பேசுறது கேக்க மாட்டேங்குது தம்பி. ஏத்தி வெச்சா, சண்டை வந்து தூக்கிவாரிப் போடுது. பேச்சுக்கு 38, சண்டைக்கு 14. படம் முழுக்க இதே வேலை” என்றார். அவர் கணவர் ஓய்வுபெற்ற வாத்தியார். “எனக்குக் காது போயிடுச்சுன்னு இவ முடிவே பண்ணிட்டா” என்றார்.

பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. முன்பக்கம் நடுவில் இருக்க வேண்டிய சென்டர் ஸ்பீக்கரைத்தான் காணோம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது கழற்றியதை அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி மேலே வைத்துவிட்டார்கள். மற்ற நாலும் பாடுகிறதே, இது சின்னதுதானே என்று விட்டிருக்கிறார்கள். ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவருக்கு அது தெரியாது. சென்டர் இருப்பதாகவே நினைத்து, வெறும் ஒயருக்கு வசனத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. ஐந்து ஸ்பீக்கருக்கும் ஓர் அடித்தொனி ஸ்பீக்கருக்கும் ஒலியைத் தனித்தனிச் சேனலாகப் பிரித்திருக்கும் 5.1 படத்தில் பேச்சின் பெரும்பகுதி சென்டரில்தான் வரும். அவர்கள் இத்தனை நாள் கேட்டது மற்ற சேனல்களில் கசிந்த மிச்சம்.

ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் என்று எங்கே போனாலும் எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். எல்லார் வீட்டிலும் காரணம் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஆனால் ஒன்று நிச்சயம்: வால்யூம் பட்டன் இதற்கு மருந்தல்ல. அது வசனத்தையும் வெடியையும் சேர்த்தே தூக்கும். நாம் குறைக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை.

அந்த இடைவெளி தியேட்டருக்காக வைத்தது. படத்துக்கு ஒலி மிக்ஸ் செய்யும் கூடத்தில் முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றையும் 85 டெசிபல் (ஒலியளவின் அலகு) என்ற அளவுக்குச் சரிபார்த்து வைப்பார்கள். அதற்கு மேல் உச்சத்தில் 105 வரை போக இடம் உண்டு. அடித்தொனிக்கென்று இருக்கும் தனிச் சேனலுக்கு 115. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தெரியும். அமைதியான கூடத்தில் குசுகுசுப்பும் கேட்கும், வெடியும் சுகமாக நெஞ்சில் அறையும். அதே ஒலியை நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தால், வெடியை வீடு தாங்கும் அளவுக்கு இறக்கியதுமே குசுகுசுப்பு பிரிட்ஜ் சத்தத்துக்குக் கீழே போய்விடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனம் தன் படங்களின் சராசரி ஒலியளவை வசனத்தை வைத்துத்தான் அளக்கச் சொல்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் சராசரி சராசரிதானே. காதோடு காதாகப் பேசும் காட்சி அதற்குக் கீழேதான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? சென்டர் ஸ்பீக்கர் இருந்தால் செட்டிங்கில் அதை மட்டும் 3 டெசிபல் ஏற்றுங்கள். போதவில்லை என்றால் இன்னும் ஒன்றோ இரண்டோ. ஷோகேஸ் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், போட்டோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுத்து, உட்காருபவர் முகத்தைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து வையுங்கள். சென்டரே இல்லை என்றால், இல்லை என்று ரிசீவரிடம் சொல்லிவிட வேண்டும். அது வசனத்தை இடம், வலம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும். வெறும் டிவி ஸ்பீக்கர்தான் என்றால், ஓடிடி செயலியில் 5.1 தடத்தை விட்டு ஸ்டீரியோ தடம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்புறம் நைட் மோடு. பெயரைப் பார்த்து ராத்திரிக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அது உரத்ததை அமுக்கி மெல்லியதைத் தூக்கிவிடும் வசதி. பகலிலும் போடலாம், வெடியின் கம்பீரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இதெல்லாம் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால்தான் புதிதாக வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். எனக்கு விற்பனையும் உண்டு. இருந்தும் இதைத்தான் சொல்வேன்.

மலை வீடுகளுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. பழைய பங்களாக்களில் உயரமான கூரை, மரத்தரை, பெரிய கண்ணாடி ஜன்னல். பேச்சு சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லின் மேலேயே விழும். கனமான திரைச்சீலையும் தரையில் ஒரு தடித்த விரிப்பும் போட்டாலே பாதி தெளிந்துவிடும். பழைய கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டு வித்தியாசத்தைக் கேட்கவைத்திருக்கிறேன். அடித்தொனி தரும் சப்வூஃபரை மூலையில் வைத்தால் மரத்தரையே அதிரும். அந்த அதிர்வு பேச்சின் மெல்லிய ஒலிகளை மூடிவிடும், மூலையிலிருந்து நகர்த்துங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் இது இன்னும் முக்கியம். நடுச்சுவரைத் தாண்டிப் போவது வசனமல்ல, அந்தத் தும் தும்தான். விடிந்தும் விடியாமலும் கொழுந்து பறிக்கப் போக வேண்டியவர் சுவருக்கு அந்தப்பக்கம் தூங்குகிறார். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சொல்கின்றன.

காட்டேஜ் வைத்திருப்பவர்கள், “கெஸ்ட் டிவி சத்தம் பத்தலைங்கறாங்க” என்று கூப்பிடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1,500 மீட்டர் ஏறி வந்தவர்களுக்குக் காது அடைத்திருக்கும். எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டு, காது திறக்கட்டும். அதற்குள் வால்யூமை உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். பெரியவர் பின்னால் சோபாவில் இருந்து வால்யூமை ஏற்றுகிறார். குழந்தை ஸ்பீக்கருக்கு முன்னால் விரிப்பில் படுத்திருக்கிறது. தூரம் பாதியானால், திறந்தவெளிக் கணக்கில் 6 டெசிபல் கூடும். அறைக்குள் சற்றுக் குறையலாம். முதலில் குழந்தையைப் பின்னால் வரச் சொல்லுங்கள்.

பெட்ஃபோர்டு வீட்டுக்கு வருகிறேன். சென்டரை மாட்டியதும் அந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. வாத்தியாருக்கு முக்கால்வாசிதான். “சத்தம் கேக்குது தம்பி, கத்தின்னு சொன்னானா பத்தின்னு சொன்னானான்னுதான் புரியல” என்றார். இதைக் கேட்டால் நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன். வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். க, ச, ப எல்லாம் இலக்கணத்தில் வல்லினம். ஒலியின் பலத்தில் அவைதான் மெலிந்தவை. உயிரொலி சத்தத்தைக் கொடுக்கும், சொல்லைப் பிரித்துக் காட்டுவது இந்த மெலிந்த ஒலிகள். வால்யூமை ஏற்றினால் சத்தம் கூடும், சொல் தெளியாது. “இது நான் பார்க்கிற வேலை இல்லைங்க ஐயா, காது டாக்டரைப் பாருங்க” என்றேன். அவருக்கு முகம் வாடியது. அந்த அம்மா, “கண்ணுக்குக் கண்ணாடி போட்டீங்கல்ல, அந்த மாதிரிதான்” என்றார்.

பரிசோதனையில், வயதுக்கு வழக்கமான குறைவு என்றும், இரண்டு காதிலும் இருக்கிறது என்றும் சொன்னார்களாம். கருவி இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே முடிவு செய்து, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க நாள் வாங்கியிருக்கிறார். சென்டரை 5 டெசிபல் ஏற்றிவிட்டு வந்தேன். தகரக் கூரையில் மழை கொட்டும் நாளில் மட்டும் சப்டைட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.