குறுக்குப் பிடித்தால் படுத்தே கிடக்காதீர்கள்

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, டெல்டாவில் குறுவை நடவு சூடுபிடித்ததும் குறுக்கு வலியோடு வருபவர்கள் கூடிவிடுவார்கள். பெரும்பாலும் நடவுப் பெண்கள். அறுவடைக் காலத்தில் மூட்டை தூக்குபவர்கள். இவர்களில் மிகப் பலருக்கு எலும்பிலோ நரம்பிலோ பெரிய கோளாறு இருக்காது. தசையும் இணைப்பு நார்களும் களைத்துப் பிடித்துக்கொண்ட வலி அது. பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும்.

குனிந்து வேலை செய்ததால்தான் வலி என்பது பாதி உண்மை. எவ்வளவு நேரம் நிமிராமல் குனிந்தோம், நிமிர்ந்த உடனே எதைத் தூக்கினோம் என்பதும் முக்கியம். நெடுநேரம் வளைந்தே நின்றால் முதுகெலும்புகளைப் பிணைக்கும் நார்கள் மெல்ல நீண்டு தளர்கின்றன. நிமிர்ந்ததும் அவை உடனே பழைய இறுக்கத்துக்கு வராது, சில நிமிடமாவது ஆகும். அதற்குள் தண்ணீர் சொட்டும் நாற்றுக்கட்டைத் தூக்கினால் ‘சுருக்’கென்று பிடித்துக்கொள்ளும். ஆகவே, 20 - 30 நிமிடத்துக்கு ஒருமுறை நிமிருங்கள். இரு கைகளையும் இடுப்பின் பின்பக்கம் ஊன்றி, ஐந்தாறு முறை பின்னால் சாயுங்கள். கரையேறினால் நாலு எட்டு நடந்துவிட்டுச் சுமையைத் தொடுங்கள்.

காலை நேரம் இன்னும் கவனம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் அரைமணி, ஒருமணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் அதிகம். நம் பெண்கள் வாசல் கூட்டுவதும் கோலம் போடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். குறுக்கு வலி உள்ளவர்கள் பல் தேய்த்து, காபி குடித்து, கொஞ்சம் நடமாடிவிட்டு வாசலுக்குப் போகலாம். நீளக் கைப்பிடித் துடைப்பம் வாங்கிக் கொடுங்கள். கோலத்துக்கு முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளட்டும்.

கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையில் எடை மட்டுமல்ல, திருகலும் ஆபத்து. மூட்டையோடு இடுப்பைத் திருப்பக் கூடாது. பாதத்தை எடுத்துவைத்துத் திரும்ப வேண்டும்.

பிடித்துக்கொண்ட அன்று, முழங்காலுக்கடியில் தலையணை வைத்துச் சற்று நேரம் மல்லாந்து படுக்கலாம். 15 - 20 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். ஆனால் மணிக்கொரு முறை எழுந்து வீட்டுக்குள் நடக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து வலி நீளும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ‘செட்’ மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கலாம், சர்க்கரை, பி.பி. உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

வலி முழங்காலுக்குக் கீழே மின்சாரம்போல இறங்கினால், குதிகாலால் பத்தடி, முன்பாதத்தால் பத்தடி நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் தெரியாமல் கழிவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இரு கால்களும் வலுவிழப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவுமாக வாரக்கணக்கில் நீளும் முதுகு வலி, முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். தென்னையிலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பு முறிந்திருக்கலாம் என்பதால், அவரைப் புரட்டித் தூக்கி உட்காரவைக்கக் கூடாது.

கழுத்து வலிக்கு சலூனில் சொடக்கு எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வர வாய்ப்புண்டு. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ நடை தள்ளாடினாலோ தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வரப்பில் வழுக்கிக் கணுக்கால் புரண்டால், சுளுக்கு வழிக்க ஓடாதீர்கள். முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவினால் உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் ஏறும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை. காலை உயர்த்தி வையுங்கள். நாலடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ கணுக்காலின் பக்கவாட்டில் புடைத்திருக்கும் மொழியை அழுத்தினால் எலும்பிலேயே வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அரிவாள் வெட்டில் காபித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். வாய் பிளந்த வெட்டு என்றால் அன்றைக்கே தையல் போட வேண்டும். சேறுபட்ட காயமானால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும்.

ஆறாத புண்ணோடு சேற்றில் இறங்கவே வேண்டாம்; எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகப் புகும். வயலில் நின்ற இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்காலும் குறுக்கும் கடுமையாக வலித்து, கண் சிவந்தால், அதை நடவுக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காய்ச்சலைச் சொல்லும்போதே, சேற்றில் வேலை செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.